நான்கு இலக்கமும் ஓர் எழுத்தும்

இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில் அமெரிக்கத் தரைப்படை வீரர்களுக்கு இடுப்போடு நிற்கும் ஒரு கம்பளி மேற்சட்டை வழங்கப்பட்டது. பிரிட்டிஷ் வீரர்கள் அணிந்த குட்டைச் சட்டையைப் பார்த்த தளபதி ஐசனோவர், அதுபோல ஒன்று தம் ஆட்களுக்கும் வேண்டும் என்று கேட்டார். அதனால் அவருடைய செல்லப்பெயரே சட்டைக்கு ஒட்டிக்கொண்டு, அது 'ஐக் ஜாக்கெட்' ஆயிற்று. 1945இல் லட்சக்கணக்கானவர்கள் அதை அணிந்தபடியே வீடு திரும்பி, கழற்றி அலமாரியில் மாட்டினார்கள். அவர்கள் காலமான பின் வீட்டைக் காலிசெய்யும் பிள்ளைகள் கையிலிருந்து அந்தச் சட்டைகள் பழம்பொருள் சந்தைக்கு வருகின்றன. வாங்கியவருக்கு முதலில் எழும் கேள்வி, இது யாருடையது என்பதுதான். அவர் எங்கே இருந்தார், எதையெல்லாம் கண்டார் என்பது அடுத்தது.

வாங்குபவரின் கண் நேராகத் தோள் சின்னத்துக்கும் மார்பில் வரிசையாக உள்ள பதக்க நாடாக்களுக்கும் போகிறது. விற்பவரும் அவற்றைக் காட்டித்தான் கதை சொல்வார். ஆனால் சின்னங்களை ஊசியும் நூலும் உள்ள யாரும் எப்போது வேண்டுமானாலும் தைத்துவிடலாம். ஒரு படைவீரனின் உண்மையான வழித்தடத்தைக் காட்டுபவை சம்பளம், சலவை, ஆள்கணக்கு ஆகியவற்றுக்காக யாரோ ஒரு எழுத்தர் அன்றாடக் கடமையாக எழுதிவைத்த குறிகள்தாம் என்பது என் உறுதியான எண்ணம். பெருமைக்காக எழுதியதில் மிகை புகுந்துவிடும். சம்பளப் பட்டியலில் தவறு எழுதினால் மாதக் கடைசியில் கணக்கு இடித்துவிடும்.

துணியிலிருந்து தொடங்குவோம். சட்டையின் உள்பையில் தைத்த சிறு சீட்டில் அளவு, ஒப்பந்த எண், பெரும்பாலும் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு முன்பு நடந்த எந்தச் சண்டைக்கும் இந்தச் சட்டை போயிருக்க முடியாது. கழுத்துப்பட்டையின் இடப்பக்க வட்டத் தகட்டில் குறுக்காக இரண்டு துப்பாக்கிகள் இருந்தால் காலாட்படை, இரண்டு பீரங்கிகள் இருந்தால் பீரங்கிப்படை. இடது கைப்பகுதியின் கீழே கிடைமட்டமாகச் சிறு பொன்னிறப் பட்டைகள் இருக்கும். ஒரு பட்டை கடல்கடந்து பணியாற்றிய ஆறு மாதங்களைக் குறிக்கும். சாய்வாகத் தைத்த பட்டை மூன்றாண்டுப் பணிக்கு. வலது மார்புப் பைக்கு மேலே சாய்சதுரத் துணியில் வளையத்துக்குள் கழுகு இருந்தால், அவர் நற்சான்றுடன் படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர். உடனே வேறு உடை வாங்கத் துணித் தட்டுப்பாடு இருந்த காலம் அது. விடுவிக்கப்பட்ட பிறகும் முப்பது நாள் வரை சீருடையிலேயே நடமாட அந்தக் கழுகு அனுமதி தந்தது.

இவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது. தோளில் பெரிய சிவப்பு '1' உள்ள ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். அது முதலாவது காலாட்படை டிவிஷன். அந்த டிவிஷன் 1942 நவம்பரில் வட ஆப்பிரிக்காவில் ஓரான் அருகே இறங்கியது. 1943 ஜூலையில் சிசிலி, 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாகா கடற்கரை. விற்பவர் இந்த மூன்றையும் சட்டைக்காரரின் கணக்கில் சேர்த்துவிடுவார். கைப்பகுதியைப் பாருங்கள். அங்கே இரண்டு பொன்னிறப் பட்டைகள் மட்டும் இருந்தால், அவர் அயல்நாட்டில் இருந்தது ஓராண்டுக்குக் குறையாமல், ஒன்றரை ஆண்டுக்குள். 1945 நவம்பரில் ஊர் திரும்பியவர் என்றால், கப்பலேறியது 1944 மே மாதத்துக்குப் பிறகு. ஆப்பிரிக்காவும் சிசிலியும் கணக்கிலிருந்து அடிபடுகின்றன. ஒமாகாவின் முதல் அலையில் அவர் இறங்கியிருக்கும் வாய்ப்பும் மிக மிகக் குறைவு. கடலிலிருந்து தாக்கி இறங்கியவர்கள் தங்கள் போர்முனை நாடாவில் சிறு வெண்கல அம்புமுனை ஒன்றைக் குத்திக்கொள்ள உரிமை பெற்றவர்கள். அதுவும் இல்லையென்றால், மாண்டவர்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் ஈடாகப் பின்னால் அனுப்பப்பட்ட மாற்றாள் இவர் என்பதே பொருத்தமான முடிவு. இதில் எந்தக் குறைவும் இல்லை. முன்பின் தெரியாதவர்கள் நடுவே, ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும் சண்டைக்குள் தனியாளாக அனுப்பப்பட்ட இளைஞனின் கதை, விற்பவர் சொன்னதைவிடக் கனமானது.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. ஐரோப்பாவில் போர் முடிந்ததும் யாரை முதலில் வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவுசெய்ய 1945 மே மாதம் ஒரு புள்ளிக்கணக்கு நடைமுறைக்கு வந்தது. படையில் கழித்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு புள்ளி. கடல்கடந்த ஒவ்வொரு மாதத்துக்கும் இன்னொரு புள்ளி. ஒவ்வொரு போர்முனை நட்சத்திரத்துக்கும் வீரப்பதக்கத்துக்கும் ஐந்து. ஒவ்வொரு குழந்தைக்கும் பன்னிரண்டு, மூன்று குழந்தைகள் வரை. 85 எட்டினால் வீடு. முதலாவது டிவிஷனோ ஜெர்மனியில் காவலுக்கு நின்றுவிட்டது. ஆகவே அதிகப் புள்ளி உள்ள பழைய ஆட்களை, ஊர் திரும்பவிருந்த வேறு டிவிஷன்களுக்கு மாற்றி அனுப்பினார்கள். இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறாரோ அதன் சின்னம் இடது தோளில் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் இரண்டரையாண்டு சண்டையிட்ட டிவிஷனின் சின்னம் வலது தோளுக்குப் போனது. சில வாரங்கள் மட்டும் இருந்த, ஒரு குண்டுகூடச் சேர்ந்து சுடாத டிவிஷனின் சின்னம் இடது தோளில் ஏறியது. இடது தோளை மட்டும் பார்த்து வரலாறு எழுதினால் முழுக்கவே தவறாகிவிடும். விடுவிப்புச் சான்றிதழிலும் அவர் கடைசியாக இருந்த பிரிவுதான் அச்சாகியிருக்கும். பேரனிடம் இருக்கும் அசல் தாளே பேரனைத் தவறான டிவிஷனின் வரலாற்றுக்கு அனுப்பிவைக்கக்கூடும்.

இதுவரை வந்ததெல்லாம் சட்டையின் கதை. ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் கழுத்துப்பட்டையின் உட்புறத்தையோ கைப்பகுதியின் உள்துணியையோ திருப்பிப் பார்க்க வேண்டும். நம்மூரில் சலவைக்காரர்கள் சேராங்கொட்டைப் பாலால் வேட்டி ஓரத்தில் போடும் குறியைப் போலவே அமெரிக்கப் படையிலும் சலவைக் குறி உண்டு. குடும்பப் பெயரின் முதல் எழுத்து, அதன் பின் படைப்பணி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள். துவைத்த துணி உரியவரிடம் திரும்பிவர வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு நோக்கம் இல்லை. ஒரே சட்டையில் இரண்டு குறிகள் இருந்து ஒன்று அடிக்கப்பட்டிருந்தால், சட்டை இரண்டு பேர் உடம்பில் இருந்திருக்கிறது. ஒருவரின் பதக்கத்தை மற்றவர் பெயரில் எழுதிவிடாமல் இருக்க அதைக் கவனிக்க வேண்டும்.

குறி மங்கியிருந்தால் இயற்பியல் உதவிக்கு வருகிறது. கம்பளிக்குப் போட்ட சாயங்கள் பலவும் நம் கண்ணுக்கு இருட்டாகத் தெரிந்தாலும் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுவதில்லை. கரியைக் கொண்டு செய்த மை உறிஞ்சும். எனவே அகச்சிவப்பைப் பதிவுசெய்யும் கேமராவில் துணி வெளிறிப்போய், எழுத்து கறுப்பாக எழுந்து நிற்கும். எல்லா மைக்கும் இது பலிக்காது. சாய மையாக இருந்தால் துணியோடு சேர்ந்து அதுவும் மறைந்துவிடும்.

நான்கு இலக்கமும் ஓர் எழுத்தும் ஒரு மனிதனை எந்த அளவுக்கு அடையாளம் காட்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத் தரைப்படைச் சேர்க்கைப் பதிவுகள் ஏறத்தாழ 90 லட்சம் உள்ளன, யாரும் இணையத்தில் தேடலாம். நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள் சாத்தியம். அமெரிக்கக் குடும்பப் பெயர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று 'எஸ்' எழுத்தில் தொடங்குகிறது. அப்படியானால் 'எஸ்' எழுத்தோடு குறிப்பிட்ட நான்கு இலக்கம் உடையவர்கள் சுமார் 90 பேர் இருப்பார்கள். 'க்யூ' எழுத்தாக இருந்தால் ஓரிருவரே. ஆகக் குறி ஒருவரைச் சுட்டுவதில்லை. அது தொண்ணூறு லட்சத்தைத் தொண்ணூறாகச் சுருக்குகிறது. மிச்ச வேலையைச் செய்யவேண்டியது சட்டையின் மற்றச் சான்றுகள்.

படைப்பணி எண்ணின் அமைப்பே இதற்குக் கைகொடுக்கிறது. சாதாரண வீரரின் எண் எட்டு இலக்கம். முதல் இலக்கம் 1 என்றால் தாமாக விரும்பிச் சேர்ந்தவர், 2 என்றால் மாநிலக் காவற்படை வழியே வந்தவர், 3 அல்லது 4 என்றால் கட்டாயச் சேர்க்கையில் அழைக்கப்பட்டவர். மாநிலக் காவற்படை வழியே வராதவர்களின் எண்ணில் இரண்டாம் இலக்கம் அவர் எந்த வட்டாரத்தில் சேர்ந்தார் என்பதைச் சொல்லும். நியூயார்க், நியூ ஜெர்சி பக்கம் 2, ஓஹையோ, இண்டியானா பக்கம் 5, டெக்சாஸ் பக்கம் 8. சட்டை ஓஹையோவில் ஒரு வீட்டைக் காலிசெய்தபோது கிடைத்தது என்று உறுதியாகத் தெரிந்தால், தொண்ணூறு பேரில் 35 என்று தொடங்கும் எண்ணுடையவர்களுக்கு முன்னுரிமை தரலாம். ஆனால் நாலு ஏலம் கைமாறி வந்த சட்டைக்கு இந்த வாதம் செல்லாது. அதனால்தான் எங்கே, யாரிடமிருந்து வந்தது என்று வாங்கும் அன்றே எழுதிவைக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் வற்புறுத்துகிறார்கள்.

பதிவில் பிறந்த ஆண்டு, வசித்த மாவட்டம், படிப்பு, தொழில், மணமானவரா என்பதெல்லாம் இருக்கும். எந்தப் பிரிவில் பணியாற்றினார் என்பது மட்டும் இருக்காது. பிழைகளும் உண்டு. மூலம் துளையிட்ட அட்டைகள். 1947இல் அவற்றை நுண்படச் சுருள்களில் படமெடுத்துவிட்டு அட்டைகளை அழித்துவிட்டார்கள். 2002இல் அந்தச் சுருள்களைக் கணினி படித்தபோது சில சுருள்கள் படிக்கவே முடியாத நிலையில் இருந்தன. படித்தவற்றிலும் எழுத்துகள் மாறிப்போயின. தேடியவர் கிடைக்கவில்லை என்பதற்காக அப்படி ஒருவர் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதிகாரிகள் இந்தத் தொகுப்பிலேயே கிடையாது.

முழுப் பெயரும் எண்ணும் கிடைத்துவிட்டால் பணிக்கோப்பைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று தோன்றும். இங்கேதான் இந்தத் துறையின் பெரிய இழப்பு குறுக்கே நிற்கிறது.

1973 ஜூலை 12, நள்ளிரவு கடந்த சிறிது நேரம். செயின்ட் லூயிஸ் நகரை அடுத்த ஓவர்லாண்டில் இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாம் மாடியில் தீப்பிடித்தது. அந்தக் கட்டடத்தின் ஆவண அறைகளில் தானியங்கி நீர்த்தெளிப்பான் இல்லை, தீத்தடுப்புச் சுவர்களும் இல்லை. நீர் கசிந்தால் காகிதம் கெட்டுவிடும் என்ற அச்சமும் தெளிப்பான் வைக்காததற்கு ஒரு காரணம். 22 மணி நேரம் தீ கட்டுக்கடங்காமல் எரிந்தது. முழுவதும் அணைந்துவிட்டது என்று அறிவிக்க 16ஆம் தேதி ஆனது. 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் 80 விழுக்காடு போய்விட்டது. விமானப்படையின் ஒரு பகுதிக் கோப்புகளில் 75 விழுக்காடு. படி எடுத்து வைக்கவில்லை, நுண்படம் இல்லை, என்னென்ன இருந்தன என்ற அட்டவணைகூட இல்லை. தீ எப்படித் தொடங்கியது என்பது கடைசிவரை உறுதியாக நிறுவப்படவில்லை.

தப்பியவை நீரில் ஊறிக் கிடந்தன. மிசூரியின் ஜூலை மாதப் புழுக்கத்தில் ஈரக் காகிதத்தில் பூசணம் பிடிக்க இரண்டு மூன்று நாள் போதும். பூசணத்தைத் தடுக்கத் தைமால் என்ற வேதிப்பொருளைத் தெளித்தார்கள். உலர்த்தும் வேலைக்கு அதே நகரில் மெக்டானல் டக்ளஸ் விமான நிறுவனத்திடம் இருந்த பெரிய வெற்றிடக் கலன் பயன்பட்டது. விண்வெளிச் சூழலைத் தரையில் உருவாக்கிக் கலங்களைச் சோதிப்பதற்காகக் கட்டப்பட்டது அது. பால் பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் கூடைகளில் கோப்புகளை நிரப்பி, ஒரு தடவைக்கு சுமார் 2,000 கூடைகளை உள்ளே வைத்துக் காற்றை வெளியேற்றினார்கள். அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும். காகிதத்தைச் சூடேற்றி முறுக்கிவிடாமல் ஈரம் மட்டும் வெளியேறும். பிறகு உலர்ந்த வெப்பக் காற்றைச் செலுத்துவார்கள். ஒரு தடவைக்கு ஏறத்தாழ 8 டன் நீர் இப்படி வெளியேறியது. சுமார் 65 லட்சம் கோப்புகள் கருகியும் நனைந்தும் மீட்கப்பட்டன. அவற்றைப் பற்றிய கேள்வி வரும்போதெல்லாம் இன்றும் பாதுகாப்புக் கூடத்தில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துத் துடைக்கிறார்கள். கருகிய ஓரத்து எழுத்துகளை அகச்சிவப்புப் படத்தில் படிக்கிறார்கள். எரிந்த காகிதமும் தட்டச்சு மையும் நம் கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரிந்தாலும் அந்தக் கதிரில் வேறுபடுகின்றன.

கோப்பே இல்லாதவர்களுக்கு? இங்கேதான் எழுத்தர்களின் உழைப்பு வெளிச்சத்துக்கு வருகிறது. விடுவிக்கும் நாளில் கடைசிச் சம்பளம் கொடுத்த ரசீதுகள் வேறு இடத்தில் இருந்ததால் தப்பின. அவற்றில் பெயர், எண், பணிக்காலம், ஊர்ப்பயணப் படி கணக்கிடுவதற்கான வீட்டு முகவரி எல்லாம் உண்டு. 1988இல் இன்னொரு புதையல் கிடைத்தது. போர்க்கால மருத்துவமனைச் சேர்க்கைகள் குறித்து, 1942 முதல் 1945 வரையும் கொரியப் போர் ஆண்டுகளுக்கும், ஏறத்தாழ ஒரு கோடிப் பதிவுகள் கொண்ட கணினி நாடாக்கள் அவை. நோய்ப் புள்ளிவிவரத்துக்காகத் தயாரிக்கப்பட்டவை என்பதால் அவற்றில் நோயாளியின் பெயர் இல்லை. படைப்பணி எண் மட்டும் உண்டு. சட்டையின் உட்புறத்து நான்கு இலக்கத்திலிருந்து எட்டு இலக்கத்தை மீட்டெடுத்தவருக்கு மட்டுமே அந்தப் பதிவு வாய் திறக்கும். எந்த மாதம் காயம்பட்டார், உடம்பில் எங்கே, எதனால் என்பதுவரை சொல்லும். பல விடுவிப்புச் சான்றிதழ்களின் படிகள் ஊர் நீதிமன்ற அலுவலகங்களில் பதிவாகியிருக்கின்றன. ஊருக்குத் திரும்பியதும் அவற்றைப் பதிந்துவைக்கும்படி வீரர்களுக்கு அறிவுரை சொல்லப்பட்டிருந்தது.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது 'காலை அறிக்கை'. கம்பெனி எனப்படும் ஒவ்வொரு சிறு படைப்பிரிவும் நாள்தோறும் அனுப்பவேண்டிய ஒரு தாள். நேற்றைக்கும் இன்றைக்கும் ஆள்கணக்கில் என்ன மாற்றம் என்பதுதான் அதன் பொருள். இன்னார் மருத்துவமனைக்கு, இன்னார் புதிதாக வந்தார், இன்னார் காணவில்லை, இன்னார் பதவி உயர்வு. முடிவில் கம்பெனி எங்கே இருக்கிறது என்று ஓரிரு வரி. இதைப் படிக்க ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். வழக்கம்போல் பணியில் இருப்பவர் பெயர் இதில் வராது. வந்து சேர்ந்த நாளில் ஒருவர் பெயர் வரும், பிறகு மூன்று மாதம் வராது, பிறகு 'காயம், மருத்துவமனை' என்று வரும். இடைப்பட்ட அந்த மூன்று மாதமும் அவர் கம்பெனியோடு இருந்தார் என்பதற்கு அந்தப் பெயரின்மையே சான்று. அந்த நாள்களில் கம்பெனி எந்த ஊரில், எந்தக் காட்டில் இருந்தது என்பதைக் கடைசி வரிகளிலிருந்து எடுத்து ஒரு வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனால், பதக்கங்கள் எதுவும் சொல்லாத ஒரு நடைப்பாதை உருவாகும்.

போரில் மாண்டவர்களின் ஆவணங்கள் உயிரோடு திரும்பியவர்களுடையதைவிட நன்றாகக் கிடைக்கின்றன. அடக்கம், உடைமைகள், குடும்பத்துக்கு எழுதிய கடிதங்கள் அடங்கிய கோப்பு தனியாக வைக்கப்பட்டிருந்ததால் 1973 தீ அதைத் தொடவில்லை. இந்தியர்களுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. அந்தப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள், சுமார் 87,000 பேர் மாண்டார்கள். மாண்டவர்களின் பெயர், எண், பிரிவு, நாள் ஆகியவை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் யாரும் பார்க்கும்படி உள்ளன. பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் உண்டு. தாத்தாவின் அண்ணன் பர்மாவுக்குப் போய்த் திரும்பவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே தேடிப் பார்க்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆய்வு எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் போலிச் சின்னம் அதைத் திசைதிருப்பிவிடும். புறஊதா விளக்கு ஒரு எளிய சோதனை. போருக்குப் பிந்தைய நூல்களிலும் துணிகளிலும் ஒளிவெண்மையூட்டிகள் என்ற வேதிப்பொருள்கள் பரவலாகச் சேர்க்கப்பட்டன. கண்ணுக்குத் தெரியாத புறஊதாவை வாங்கி நீல ஒளியாக வெளியிடுவது அவற்றின் இயல்பு. இருட்டறையில் விளக்கைப் பிடித்தால் அண்மைக்கால நூல் பளீரென ஒளிரும், 1940களின் பருத்தி நூல் மங்கலாகக் கிடக்கும். ஆனால் இன்றைய சலவைத்தூளிலும் அதே பொருள்தான் இருக்கிறது. அதில் ஒருமுறை துவைத்தால் அசல் சின்னமும் ஒளிரும். எனவே ஒளிர்வதை வைத்து மட்டும் போலி என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. சின்னம் ஒளிராமல் அதைத் தைத்த நூல் மட்டும் ஒளிர்ந்தால், பழைய சின்னத்தைப் பின்னாளில் யாரோ தைத்திருக்கிறார்கள் என்று ஐயப்படலாம். சலவைக் குறிகூடப் புதிதாக முத்திரையிடப்படுவதுண்டு, வான்குடைப் படையினரின் சட்டைகளுக்கு விலை கூடுதல் என்பதால்.

சேகரிப்பாளர்கள் சிலரிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. சின்னம் விழுந்துபோன சட்டையை வாங்கி, ஆவணத்தில் கண்ட டிவிஷனின் அசல் சின்னம் ஒன்றைத் தேடிப்பிடித்துத் தைத்து 'முழுமையாக்கி' விடுவார்கள். நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் சான்று அங்கேயே அழிகிறது. தோளில் ஒரு சின்னம் பல ஆண்டு இருந்து அகற்றப்பட்டிருந்தால், அது மறைத்திருந்த கம்பளி வெயில் படாமல் நிறம் மங்காதிருக்கும். சுற்றி ஊசித்துளைகள் வரிசையாக இருக்கும். அந்த நிற வேறுபாட்டின் உருவமும் துளைகளின் இடைவெளியும் எந்த வடிவச் சின்னம் இருந்தது, கையால் தைத்ததா, எந்திரத்தால் தைத்ததா என்று சொல்லக்கூடியவை. பக்கவாட்டிலிருந்து விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படமெடுத்தால் துளைகள் நிழலோடு தெளிவாகத் தெரியும். மேலே இன்னொரு சின்னத்தைத் தைத்தால் புதிய துளைகள் பழையவற்றோடு கலந்துவிடும், அதன் பின் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வெற்றுத் தோளை வெற்றாகவே விட்டு, துவைக்காமல், படமெடுத்து, எந்த முடிவு துணியிலிருந்து வந்தது, எது காலை அறிக்கையிலிருந்து வந்தது, எது ஊகம் என்று தனித்தனியாக ஒரு தாளில் எழுதிச் சட்டையோடு வைத்துவிடுவது போதும். காலை அறிக்கைகள் ஆண்டுக்காண்டு மேலும் படமாக்கப்பட்டு வருகின்றன. இன்று எட்டாத கம்பெனியின் தாள் அடுத்த ஆண்டு வரும்போது, அதனோடு ஒப்பிட அந்தத் துளைகள் அங்கே இருக்க வேண்டும்.